அப்பா லோனுக்கு ஒரு கத்திரி!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மயிலம் பஸ் ஸ்டாப். திண்டிவனம் பஸ்ஸுக்கு ஒரு கூட்டம், பாண்டி பஸ்ஸுக்கு ஒரு கூட்டம், கூட்டேரிப்பட்டு வரைக்கும் போனா போதும்னு ஷேர் ஆட்டோவை முறைச்சுக்கிட்டு ஒரு கூட்டம். ஃபைனல் இயர் மக்கள்கிட்ட ஒரு கேள்வியைத் தூக்கிப் போடுங்க... "முதல் சம்பளத்துல என்ன பண்ணப் போறே மச்சி?"

பைக். புது மொபைல். அம்மாவுக்குப் பட்டுப் புடவை. மலைக்கோயில்ல முருகனுக்கு ஒரு அபிஷேகம். ஃப்ரெண்ட்ஸுக்கு ட்ரீட் (இதை மட்டும் யாரும் மறக்க விடமாட்டாங்க!). எல்லாம் சரிதான். ஆனா, "எங்க அப்பா கட்டிக்கிட்டு இருக்கற வீட்டு லோன்ல மாசம் கொஞ்சம் கூடப் போடுவேன்"னு சொன்ன ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

தப்பு உங்க மேல இல்லை. நம்ம வீடுகள்ல லோன் பேச்சு எப்படிப் போகும்னு தெரியாதா என்ன?

"லோன் இன்னும் எவ்வளவுப்பா பாக்கி?"

"அது கெடக்குது. நீ படிக்கிற வேலையைப் பாரு."

அவ்வளவுதான், முடிஞ்சது டாபிக். வீட்டோட மூலப் பத்திரம் திண்டிவனத்துலயோ விழுப்புரத்துலயோ ஏதோ ஒரு பேங்க் பெட்டகத்துல இருக்குங்கறதே பல பேருக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதுதான் தெரிய வருது.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போமா? கால்குலேட்டர் பக்கத்துல இருந்தா நல்லது. மேத்ஸ்ல அரியர் வெச்சிருக்கறவங்களும் தாராளமா வரலாம், வெறும் பெருக்கல் கழித்தல்தான்.

மூணு வருஷம் கட்டியும்...

உங்க அப்பாவுக்கு 45 வயசு இருக்கும்போது, 15 லட்ச ரூபாய் லோன் போட்டு வீடு கட்டினார்னு வெச்சுக்குவோம். வட்டி 8.5 சதவிகிதம், 20 வருஷம். மாசத் தவணை, அதாங்க இ.எம்.ஐ., 13,017 ரூபாய்.

முதல் மாசத் தவணையைப் பிரிச்சுப் பார்ப்போம். 15 லட்சத்துக்கு ஒரு மாச வட்டி 10,625 ரூபாய். அதைப் பேங்க் முதல்ல எடுத்துக்கும். மிச்சம் 2,392 ரூபாய்தான் அசல்ல கழியும். அடுத்த மாசம் அந்தக் குறைஞ்ச அசலுக்கு வட்டி போடுவாங்க, அதனால வட்டி ஒரு 17 ரூபாய் குறையும், அசல் பங்கு 17 ரூபாய் கூடும். இப்படியே ஆமை நடை!

மூணு வருஷம் முடிஞ்சு அப்பாவுக்கு 48 வயசு. கட்டின மொத்தப் பணம் 4,68,600 ரூபாய்க்கும் மேல. ஆனா அசல்ல குறைஞ்சது எவ்வளவு தெரியுமா? சுமார் 97,700 ரூபாய். இன்னும் 14 லட்சத்துக்கு மேல அப்படியே நிக்குது. மிச்சம் 3,70,000 சொச்சம் வட்டிக்கே சரியாப் போச்சு.

இன்னொரு ஷாக்: இந்த 15 லட்சத்துல பாதி அசல் எப்போ தீரும்? 10 வருஷத்துலனு சொன்னீங்கன்னா கொட்டு வாங்குவீங்க. 166-வது மாசத்துல! அதாவது 13 வருஷம் 10 மாசம். பாதித் தூரத்தைத் தாண்டி வெகுதூரம் போனாத்தான் பாதிக் கடன் குறையும். யாரும் ஏமாத்தலை, கள்ளக் கணக்கும் இல்லை. பாக்கி இருக்கற அசலுக்குத்தான் வட்டி, ஆரம்பத்துல பாக்கி அதிகம், அதனால வட்டியும் அதிகம். அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டா அது நமக்கு சாதகம். தவணைக்கு மேல நீங்க ஒரு ரூபாய் கூடக் கட்டினாலும், அந்த மாச வட்டி ஏற்கெனவே கட்டியாச்சு இல்லையா? அந்த ஒரு ரூபாய் முழுசா அசல்ல போய் விழும். மிச்சம் இருக்கற வருஷம் பூரா அந்த ரூபாய்க்கு வட்டியே கிடையாது.

ஆயிரம் ரூபாய்க்கு 29 மாசம்!

இப்போ நீங்க வேலையில சேர்ந்துட்டீங்க. அப்பாவுக்கு 48. லோன் முடிய இன்னும் 204 மாசம். முடியும்போது அவருக்கு 65 வயசு ஆகியிருக்கும்.

தவணையை அவரே கட்டட்டும். நீங்க உங்க சம்பளத்துல மாசம் 1,000 ரூபாய் மட்டும் கூடப் போடுறீங்க. 204 மாசம் சுமார் 175 மாசமா சுருங்கும். 29 மாசம் மிச்சம். வட்டியில மிச்சமாகறது சுமார் 2,06,000 ரூபாய்.

கொஞ்சம் தாராளமா மாசம் 3,000 ரூபாய்? 204 மாசம் 137 ஆகுது. அஞ்சரை வருஷத்துக்கு மேல லோன் முன்னாடியே முடியும். வட்டியில மிச்சம் சுமார் 4,59,000 ரூபாய். அப்பாவுக்கு அப்போ 59 முடிஞ்சு சில மாசம். 60-ல ரிட்டயர் ஆகிறவரா இருந்தா, கடைசிச் சம்பளம் வாங்கறதுக்கு முன்னாடியே கடன் முடிஞ்சிருக்கும். பென்ஷன் இல்லாத வேலையில, சொந்தக் கடையில, நிலத்துல உழைக்கிற அப்பாக்களுக்கு அந்த அஞ்சரை வருஷம் என்னன்னு நான் சொல்லணுமா?

மாசா மாசம் முடியாதுன்னா? நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் மாசச் சம்பளம் இல்லையே. மல்லாட்டை வித்த காசு, கரும்பு பில், பொங்கல் போனஸ்னு வர்றப்பதான் வரும். தாராளமா மொத்தமாவே போடலாம். வருஷத்துக்கு ஒரே ஒரு தவணை கூடக் கட்டினாலே, ஆரம்பத்துல இருந்து செய்தா 240 மாசம் சுமார் 200 மாசம் ஆகிடும்.

ஆனா, 'எப்போ' போடறோம்ங்கறது முக்கியம் பாஸ். இதே லோன்ல 50,000 ரூபாயை முதல் வருஷக் கடைசியில போட்டா 18 மாசம் குறையும், வட்டியில 1,85,000 ரூபாய் மிச்சம். அதே 50,000-ஐ 15 வருஷம் கழிச்சுப் போட்டா? ஆறு மாசம்கூடக் குறையாது, மிச்சம் வெறும் 25,000. "நல்லா செட்டில் ஆன பிறகு பார்த்துக்கலாம்"னு தள்ளிப்போடறதோட விலை இது.

'கூடக் கட்டினா ஃபைன்' போட்ட காலம்

"முன்கூட்டியே கட்டினா பேங்க்ல அபராதம் போடுவாங்கப்பா"ன்னு ஊர்ல ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். அவர் பொய் சொல்லலை, பழைய கதையைச் சொல்றார். கடனை சீக்கிரம் அடைக்கிறவன்கிட்ட அதுக்கும் காசு பிடுங்கின காலம் ஒண்ணு இருந்தது. கடனை இழுத்தடிச்சாலும் தண்டம், சீக்கிரம் அடைச்சாலும் தண்டம்!

இது நியாயமான்னு கேட்டு இந்தியப் போட்டி ஆணையத்துக்கே வழக்குப் போச்சு. நீரஜ் மல்ஹோத்ரா என்கிற வக்கீல் தொடுத்த வழக்கு. 2010 டிசம்பர்ல ஆணையத்தோட பெரும்பான்மை உறுப்பினர்கள், இது போட்டிச் சட்டத்தை மீறினதா ஆகாதுனு சொல்லிட்டாங்க. அங்கே தோல்வி. ஆனா விஷயம் அடங்கலை. வங்கி வாடிக்கையாளர் சேவை பற்றி ஆராய 'செபி'யோட முன்னாள் தலைவர் எம்.தாமோதரன் தலைமையில ரிசர்வ் வங்கி போட்ட கமிட்டி, 2011-ல அறிக்கை கொடுத்தது. இந்த அபராதமும் அதுல பேசப்பட்டது. 2012 ஜூன் 5-ம் தேதி ரிசர்வ் வங்கி உத்தரவு வந்தது: மாறும் வட்டி, அதாவது ஃப்ளோட்டிங் ரேட் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைச்சா பேங்க்குகள் ஒரு பைசாகூட அபராதம் வாங்கக் கூடாது. வீட்டுக் கடன் கம்பெனிகளுக்கு, அப்போ அவங்களைக் கண்காணிச்ச தேசிய வீட்டுவசதி வங்கி அதுக்கு முன்னாடியே இதே மாதிரி கடிவாளம் போட்டிருந்தது.

அதுக்கப்புறம் ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில புதுசா வழிமுறைகள் வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கற, புதுப்பிக்கற கடன்களுக்கு அது பொருந்தும். பகுதியாக் கட்டினாலும் சரி, மொத்தமாக் கட்டினாலும் சரி, பணம் எங்கே இருந்து வந்ததுன்னு கேட்காம, தனிநபரோட தொழில் சாராத ஃப்ளோட்டிங் ரேட் கடனுக்கு அபராதம் கிடையாது. நிலையான வட்டியில, அதாங்க ஃபிக்ஸட் ரேட்ல வாங்கின கடன்னா மட்டும் ஒப்பந்தப் பேப்பரை ஒருமுறை படிச்சுப் பாருங்க.

இங்கிலாந்துல இன்னமும் ஃபிக்ஸட் ரேட் கடன்கள்ல பெரும்பாலும் வருஷத்துக்குப் பாக்கியில 10 சதவிகிதம் வரைக்கும்தான் அபராதம் இல்லாம கூடக் கட்டலாம். அந்த வகையில நம்ம ஊர் ரூல் எவ்வளவோ தேவலை.

சித்தப்பா செய்த தப்பு

என் சித்தப்பா ஒருத்தர். திண்டிவனம் பக்கம். வயல் வித்த காசுல ஒரு லட்சத்தை எடுத்துட்டுப் போய் லோன்ல கட்டினார். எந்த பேங்க்னு வேண்டாம். மூணு மாசம் கழிச்சு சந்தோஷமா சொன்னார், "தவணை தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல குறைஞ்சிடுச்சுடா!"

எனக்கு சுருக்குனு ஆச்சு. ஏன்னா, கூடக் கட்டும்போது ரெண்டு வழி இருக்கு. தவணையைக் குறைக்கலாம், இல்லை தவணையை அப்படியே வெச்சுட்டுக் காலத்தைக் குறைக்கலாம். நாம எதுவும் சொல்லாம கட்டினா, பேங்க் தனக்குத் தோதான வழியில போட்டுக்கும். அவர் எதுவும் எழுதிக் கொடுக்கலை.

நம்ம உதாரண லோன்லயே பாருங்க. மூணு வருஷம் முடிஞ்சதும் ஒரு லட்சம் கட்டறோம். தவணையைக் குறைச்சா 13,017 ரூபாய் 12,089 ஆகும். 17 வருஷமும் கட்டணும், வட்டியில மிச்சம் சுமார் 89,000. காலத்தைக் குறைச்சா? 29 மாசம் போயிடும், வட்டியில மிச்சம் சுமார் 2,81,000. அதே ஒரு லட்சம், அதே நாள், அதே கவுன்ட்டர். வித்தியாசம் ஒரு வரி எழுதிக் கொடுக்கறதுல இருக்கு: "இந்தத் தொகையை அசலில் வரவு வைத்து, மாதத் தவணையை மாற்றாமல், கடன் காலத்தைக் குறைக்கவும்." தேதி போட்டு, ஒரு நகல்ல பேங்க் சீல் வாங்கி வெச்சுக்கோங்க. (வீட்டுல நிஜமாவே தவணை கட்ட மூச்சுத் திணறுதுன்னா, தவணையைக் குறைக்கறதுதான் புத்திசாலித்தனம். சித்தப்பா வீட்டுல அந்த நிலைமை இல்லை.)

இன்னொரு சிக்கலும் உண்டு. மொபைல்ல கூடுதலா அனுப்பற பணத்தைச் சில இடங்கள்ல 'அடுத்த மாசத் தவணை அட்வான்ஸ்'னு வெச்சிடுவாங்க. அசல்ல கழியாது. முதல் தடவை அனுப்பினதும் ஸ்டேட்மென்ட்ல அசல் பாக்கி குறைஞ்சிருக்கானு பார்த்தே ஆகணும். சில நிறுவனங்கள் குறைஞ்சபட்சத் தொகைனு ஒண்ணு வெச்சிருப்பாங்க. அப்படின்னா ஒரு ஆர்.டி. போட்டுச் சேர்த்து மொத்தமாக் கட்டிக்கலாம்.

வட்டி ஏறினப்போ என்ன ஆச்சு?

2022 மே மாசம் ரிசர்வ் வங்கியோட ரெப்போ வட்டி 4 சதவிகிதத்துல இருந்து ஏற ஆரம்பிச்சு, 2023 பிப்ரவரியில 6.5-ல வந்து நின்னது. 2019 அக்டோபர்ல இருந்து பேங்க்குகள் கொடுக்கற புது ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன் எல்லாம் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோடதான் கோத்திருக்கும். அது ஏறினா இதுவும் ஏறும்.

7 சதவிகிதத்துல 15 லட்சம், 20 வருஷத்துக்கு வாங்கினவருக்குத் தவணை 11,629 ரூபாய். ரெண்டரை சதவிகிதம் ஏறி 9.5 ஆனா, 15 லட்சத்துக்கு ஒரு மாச வட்டி மட்டுமே 11,875! தவணை முழுசும் கட்டினாலும் வட்டிக்கே பத்தாது, கடன் குறையாம ஏறும். நிறைய வீடுகள்ல தவணையை மாத்தாம காலத்தை மட்டும் சத்தமில்லாம நீட்டிட்டாங்க. அப்பா மாசா மாசம் அதே பணத்தைக் கட்டிக்கிட்டு இருந்தார், முடியற தேதி மட்டும் தள்ளித் தள்ளிப் போயிக்கிட்டு இருந்தது.

இதைப் பார்த்துட்டுத்தான் 2023 ஆகஸ்ட் 18-ம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டறதா, காலத்தை நீட்டறதா, ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமானு கடன் வாங்கினவரைக் கேட்கணும். காலத்தை நீட்டறதால கடன் குறையாம ஏறுற நிலைமை வரக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு ஸ்டேட்மென்ட் கிடைக்கும்படி செய்யணும். அதுல இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, இன்னும் எத்தனை தவணை பாக்கி, வருட வட்டி எல்லாம் இருக்கணும்.

2025-ல ரெப்போ நாலு தடவை குறைஞ்சு, டிசம்பர்ல 5.25 ஆச்சு. அப்பாவோட லோன் வட்டி குறைஞ்சதானு பார்த்தீங்களா? 2019-க்கு முந்தின லோன்னா பழைய அளவுகோல்லயே மாட்டிக்கிட்டு இருக்கலாம். மாத்திக்கலாமா, அதுக்குக் கட்டணம் எவ்வளவுனு கேளுங்க. வட்டி குறைஞ்சு தவணையும் குறைஞ்சிருந்தா, "பழைய தவணையையே கட்டறோம்"னு சொல்றதுதான் வலிக்காத கூடுதல் கட்டணம். ஏற்கெனவே பழகின தொகைதானே!

எல்லாத்தையும் இதுல கொட்டாதீங்க

ஆர்வத்துல மொத்தச் சம்பளத்தையும் லோன்ல போட்டுட்டு, அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவுனா நகையை அடகு வைக்கப் போனா அது காமெடி. லோன்ல போட்ட பணம் உள்ளே போனது போனதுதான், அவசரத்துக்குத் திரும்பி வராது. நாலஞ்சு மாச வீட்டுச் செலவு, தவணையோட சேர்த்து, தனியா கையில இருக்கட்டும்.

அடுத்து, எந்தக் கடனை முதல்ல? வட்டி அதிகமானதை. கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன், கந்து வட்டி, வீட்டுல யாராவது குழுவுல வாங்கியிருக்கற மைக்ரோ ஃபைனான்ஸ் கடன், இதெல்லாம் வீட்டு லோனைவிடக் கடிக்கும். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை முன்கூட்டியே அடைக்கவும் அபராதம் கிடையாதுனு 2022-லயே ரிசர்வ் வங்கி சொல்லியாச்சு. உங்க கல்விக் கடன்? படிக்கும்போது தவணைதான் கட்ட வேண்டாம், வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். அரசோட வட்டி மானியம் இருந்தா தனிக் கதை. அதோட வட்டி, அப்பா லோன் வட்டியைவிட அதிகமானு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

"அதுக்கு பதிலா மியூச்சுவல் ஃபண்டுல போட்டா 12 பர்சென்ட் வருமே"னு கிளாஸ்ல ஒரு பொருளாதாரப் புலி எழுந்திருக்கும். வரலாம், வராமலும் போகலாம். லோன்ல போட்டா 8.5 சதவிகிதம் மிச்சமாகறது நிச்சயம், அதுக்கு வரியும் கிடையாது. என்னைக் கேட்டா, அப்பா 50-ஐ நெருங்கற வீட்டுல லோன் பக்கம்தான் என் ஓட்டு. அப்பாவுக்கு வருமான வரிச் சலுகை போயிடுமேனு ஒரு கவலை வரும். சொந்தமா குடியிருக்கற வீட்டோட வட்டிக்குக் கழிவு எல்லாம் பழைய வரி முறையில இருக்கறவங்களுக்குத்தான். அவர் எந்த முறையில இருக்கார்னு கேட்டுக்கோங்க.

முதல்ல பேப்பர் எடுங்க

இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறீங்க இல்லையா? "லோன் எவ்வளவுப்பா?"னு கேட்காதீங்க, "நீ படி"ன்னு பதில் வந்துடும். "லோன் ஸ்டேட்மென்ட் இருக்காப்பா, ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கணக்கு போடணும்"னு கேளுங்க. (பொய்தான். முருகன் மன்னிப்பார்.) அதுல நாலே நாலு விஷயம் பாருங்க: அசல் பாக்கி, இப்போதைய வட்டி, மிச்சம் இருக்கற தவணை எண்ணிக்கை, ஃப்ளோட்டிங்கா ஃபிக்ஸட்டா. வாங்கும்போது சொன்ன எண்ணிக்கையைவிட மிச்சத் தவணை அதிகமா இருந்தா, காலம் நீண்டிருக்குனு அர்த்தம். கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம் ஒருநாள் கடன் முடியும். அன்னிக்கும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு. கடன் முழுசா அடைஞ்ச 30 நாளுக்குள்ள மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரணும், அவங்க தப்பால தாமதமானா ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் நஷ்ட ஈடு தரணும்னு ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர்ல உத்தரவு போட்டிருக்கு. அந்த வருஷம் டிசம்பர் 1-ல இருந்து அது அமல்ல இருக்கு. கடன் தீர்ந்ததுக்கான சான்று வாங்கணும். அடமானம் பதிவாகியிருந்தா அதை ரத்து பண்ற ரசீதையும் சார் பதிவாளர் ஆபீஸ்ல பதிவு செய்யணும். அதுக்கப்புறம் ஒரு வில்லங்கச் சான்று போட்டு, அந்தப் பதிவு ஏறியிருக்கானு பார்க்கணும்.

பத்திரம் வாங்கப் போற அன்னிக்கு அப்பாவைத் தனியா அனுப்பாதீங்க. லோன் வாங்கும்போது கொடுத்த ஆவணப் பட்டியலைக் கையில எடுத்துட்டுக் கூடவே போங்க. தாய்ப் பத்திரம், பட்டா, அப்ரூவல் பிளான்னு ஒவ்வொண்ணா டிக் பண்ணி, பக்கத்தை எண்ணிப் பார்த்துட்டு, அதுக்கப்புறம் அவர் கையெழுத்துப் போடட்டும்.